அமுதவல்லிக்கு நான் வைத்த முடிவு

என் கையில் வாரப் பத்திரிகை விரிந்திருந்தது. நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தது எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை.

மடிவாளா சிக்னலுக்கு முன்னால் எங்கள் கம்பெனி வேன் வழக்கம்போல நின்றுபோயிருந்தது. ஜன்னல் வழியே லாரிப் புகை வந்தது. யாரோ மடியில் வைத்திருந்த டிபன் டப்பாவிலிருந்து சித்ரான்ன வாசனை வந்தது. பத்துப் பேர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவர் நாகராஜண்ணா ரேடியோவைக்கூட நிறுத்திவிட்டிருந்தார்.

“‘சாப்பிட்டாச்சில்ல? இலைய நீயே எடுத்துப் போட்டுட்டுப் போ’ என்றாள் அமுதவல்லி” என்று படித்தேன்.

பக்கத்து சீட்டில் இருந்த பிலோமினா என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “அப்டிப் போடு!” என்றாள். வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதி, பழைய சகாக்கள் சிலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த வாரம் யார் மேலும் குறை இல்லை. முழுக்க என் தப்பு.

டிராஃபிக் ஜாமுக்கு வேண்டிக்கொண்டவர்கள்

இந்த வாரம்தான் முதலில் படிக்கிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. பொம்மனஹள்ளிப் பக்கம் ஓர் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் பேக்கிங் பிரிவு கிளார்க்காகப் பல வருடம் இருந்தேன். வீடு காக்ஸ் டவுன். காலையில் வேன் என்னை முதலில் ஏற்றிக்கொள்ளும். பிறகு மர்பி டவுனில் பிலோ. அப்புறம் நீலசந்திரா, ஆடுகோடி என்று ஆள் பொறுக்கிக்கொண்டே போகும். கொரோனா முடிந்து வேன் மறுபடி ஓட ஆரம்பித்த சமயம் அது.

வேனில் தமிழ் தெரியாத ஆள் கிடையாது. நாகராஜண்ணாவே கன்னடத்தில் யோசித்துத் தமிழில் திட்டுகிறவர். ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் இங்கேயே பிறந்து கன்னட மீடியமோ இங்கிலீஷ் மீடியமோ போனவர்கள். வீட்டில் சண்டை போடுவது தமிழில், பஸ் போர்டு பார்ப்பது கன்னடத்தில். எனக்கு மட்டும் அப்பா பிடிவாதமாக எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் கதை சற்றுப் பொறுத்து வருகிறது.

முதலில் நான் என்பாட்டுக்கு மனதுக்குள்தான் படித்துக்கொண்டு வருவேன். பிலோதான் ஆரம்பித்து வைத்தாள்.

“நீ மட்டும் சிரிச்சிக்கினு வர்றியே, எங்களுக்கும் படிச்சிக் காட்டுக்கா” என்றாள்.

அவளுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் முதல் நாளிலிருந்தே என்னை ‘நீ’ என்றுதான் சொல்வாள். அக்கா என்று ஆகிவிட்டால் அப்புறம் என்ன மரியாதை என்பது அவள் கட்சி. எனக்கும் அது பிடித்திருந்தது.

டிரினிட்டி சர்க்கிளில் ஆரம்பித்தால் சில்க் போர்டு வருவதற்குள் ஓர் அத்தியாயம் முடியும். வண்டிகள் நகராத நாளில் போன வார அத்தியாயத்தையும் மறுபடி கேட்பார்கள். இந்த ஊரில் டிராஃபிக் ஜாம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

கதையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எழுதியவர் நன்றாக இருக்கட்டும். நாயகி அமுதவல்லி. புருஷனின் அடி தாங்காமல் மூன்றாம் அத்தியாயத்திலேயே வீட்டை விட்டு வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் இட்லிக் கடை போட்டாள். ஒரு கேஸ் சிலிண்டருக்காக எத்தனை வாரம் அலைந்தாள் என்று கேட்டால் எங்கள் வேனே விரல்விட்டுச் சொல்லும்.

பிலோவும் அப்படி வந்தவள்தான். புருஷன் குடித்தால் கை ஓங்குகிறவர், குடிக்காத நாள் குறைவு. மகளைக் கூட்டிக்கொண்டு மர்பி டவுனில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நீலசந்திராவில் இருந்த அண்ணன் ஆரோக்கியம், ஞாயிறு பூசை முடிந்ததும் தவறாமல் போன் போட்டு, “பொம்பள தனியா இருக்கக் கூடாது, திரும்பிப் போ” என்பார்.

கம்பெனியில் அவள் செக்கர். தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, தையல் மேலேயே ஆள்காட்டி விரலை ஓடவிடுவாள். ஒரே ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்து அந்த இடத்தில் ஒட்டி, தைத்தவர்களுக்கே திருப்பி அனுப்புவாள். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் சரி, ஒட்டினதை எடுக்க மாட்டாள்.

அப்பா கிழித்த நாலு பக்கம்

அப்பா மில் தொழிலாளி. அப்போது நாங்களும் மர்பி டவுனில்தான் இருந்தோம். வாரா வாரம் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பத்திரிகையிலிருந்து அலுங்காமல் பிரித்து, ஒரு பிஸ்கெட் டின்னில் அடுக்கி வைப்பார். கதை முடிந்ததும் சிவாஜிநகர் பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ அட்டை போட்டு வாங்கி வருவார். பசை வாசனையோடு அந்தப் புத்தகம் வீட்டுக்குள் வருகிற நாள் எங்களுக்கு ஒரு பண்டிகை.

எனக்குப் பதின்மூன்று வயதில் அப்படி ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்தேன். நாயகி ரயிலடியில் காத்துக்கொண்டிருக்கிறாள், அவன் வருவானா மாட்டானா என்கிற இடத்தில் பின்னட்டை வந்துவிட்டது.

“மீதி எங்கேப்பா?”

“அடுப்புல போட்டேன். மோசமான முடிவு. உனக்கு வேணாம்” என்றார். தண்ணீர் காயவைக்கிற அண்டா அடுப்பு. கடைசி அத்தியாயத்தின் நாலு பக்கமும் அதில் போய்விட்டிருந்தன.

நாலு நாள் அவரோடு பேசவில்லை. மோசமா இல்லையா என்று நான் அல்லவா சொல்ல வேண்டும்? “இதுக்கு முன்னாடி பைண்டு பண்ணதுல எல்லாம் எதெதக் கிழிச்சீங்க?” என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வேலைக்குப் போன பிறகு ஒருநாள் அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் அதே கதை கிடைத்தது. நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் படித்தேன். அவன் வருகிறான். அவள் அதற்குள் தண்டவாளத்தில் விழுந்துவிட்டாள். மகா மட்டமான முடிவு. அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்போது அவர் உயிரோடு இல்லை. ஆனாலும் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் துளியும் குறையவில்லை.

இதெல்லாம் நன்றாக நினைவு இருந்தும்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். அதுதான் வேடிக்கை.

தக்காளிக் கூடைக்கு நடுவே

பத்திரிகை வியாழன் மாலை காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கத்துப் பேப்பர் கடைக்கு வரும். வெள்ளிக்கிழமை வேனில் படிக்க வேண்டும் என்பதால் முன்னதாக ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வேன். ‘நிறைவுப் பகுதி’ என்று போட்டு வந்த அன்று வீடு போய்ச் சேரப் பொறுமை இல்லை. மார்க்கெட் நடைபாதையில் நின்றே பிரித்துவிட்டேன். தக்காளி விற்கிறவர் இரண்டு தரம் “நகருங்கம்மா” என்றார்.

புருஷன் கால் உடைந்து, தாடி வளர்ந்து, இட்லிக் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து அழுகிறான். மாமியார் மல்லிகைப் பூவோடு வருகிறாள். அமுதவல்லி கடைச் சாவியை வேலைக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறிவிடுகிறாள். கடைசி வரியில் அவள் நெற்றியில் புதிதாகக் குங்குமம் மின்னியதாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு கதை முடிகிற விதத்துக்காக இப்படிக் கோபப்படலாமா என்றால், படலாம் என்பேன். சாகிற முடிவுக்குக்கூட அழுதுவிட்டுப் போய்விடுவோம். ஆனால் இது வேறு. ஒரு வருடமாக நமக்குப் பழக்கமான மனுஷி. அவள் எதைச் செய்வாள், எதைச் செய்ய மாட்டாள் என்று நமக்குத் தெரியும். கடைசி வாரத்தில் யாரோ முகம் தெரியாத ஒருத்தி அவள் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறுகிறாள். இவள் அவள் இல்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் யாரிடம் கத்துவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை பிலோவின் அண்ணன் வீட்டில் பேச்சுவார்த்தை வைத்திருந்தார்கள். புருஷன் வருகிறார், சர்ச் பெரியவர் ஒருவரும் வருகிறார் என்று அவளே சொல்லியிருந்தாள். அமுதவல்லியே போய்விட்டாள் என்று வெள்ளிக்கிழமை கேட்டால், ஞாயிற்றுக்கிழமை இவளும் உடைந்துபோய்ச் சரி என்றுவிடுவாள். இப்படி நானாக முடிவு கட்டினேன். என்னை யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்திரிகையைப் பிரித்து, கண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் படித்தேன். அமுதவல்லி புருஷனுக்கு இலை போட்டாள், மற்றவர்களைப்போல நாலு இட்லி வைத்தாள், இலையை எடுத்துப் போடச் சொன்னாள், அனுப்பிவிட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். குஷியில் அடுத்த வாரமே இரண்டாவது கடைக்குத் திறப்பு விழாவும் வைத்துவிட்டேன். வேனே கைதட்டியது. நாகராஜண்ணா ஹாரனை நீளமாக அடித்தார். பக்கத்து ஸ்கூட்டர்காரர் எங்களை முறைத்தார்.

“காட்டுங்க”

திங்கட்கிழமை பிலோ வேனில் ஏறினாள். என் பக்கத்து சீட்டைத் தாண்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மதியம் கேன்டீனில் நானே தட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

“போன காரியம் என்னாச்சு பிலோ?”

பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்து மேஜை மேல் வைத்தாள். தொடர்கதையின் கடைசிப் பக்கங்கள்.

“இலைய எடுன்னு சொன்னது இதுல எங்க இருக்கு? காட்டுங்க.”

‘காட்டுங்க’ என்றாள். முதல் நாளிலிருந்து என்னை ‘நீ’ என்றவள்.

நடந்தது இதுதான். பேச்சு முற்றி, “எவ தனியா வாழ்ந்து பேர் வாங்கியிருக்கா, ஒருத்தியக் காட்டு” என்று அண்ணன் கத்தியிருக்கிறார். பிலோ கோபத்தில் அமுதவல்லியைச் சொல்லியிருக்கிறாள். இலையை எடுக்கச் சொன்னதையும் இரண்டாவது கடையையும் சொல்லியிருக்கிறாள். அண்ணி ஜெசிந்தா கிருஷ்ணகிரிக்காரி. தமிழ் படித்தவள், அதே பத்திரிகையை வாங்குகிறவள். உள்ளே போய் எடுத்து வந்து எல்லார் முன்னாலும் நிதானமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

“எல்லாரும் சிரிச்சாங்க. அந்த ஆளும் சிரிச்சாரு” என்றாள் பிலோ. “போகமாட்டேன்னுதான் சொல்லிட்டு வந்தேன். ஆனா தலை நிமுந்து சொல்ல வேண்டியத, தலையக் குனிஞ்சிக்கினு சொல்ற மாதிரி ஆக்கிட்டீங்க.”

“நீ உடைஞ்சிபோயிடுவியோன்னு பயந்துட்டேன் பிலோ.”

“அவளப் பாத்தா நான் வீட்ட விட்டு வந்தேன்? நான் வந்தப்ப அந்தக் கதையே வரல. எம் பொண்ணு முன்னாடி அடிச்சாரு, வந்துட்டேன். கதையில அவ போனா போறா. நான் எதுக்குப் போவேன்? என்னை அவ்ளோ லேசா நெனச்சிட்டீங்களா?”

பிலோ காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“இதுக்கு முன்னாடி வேற என்னென்ன மாத்துனீங்க?”

“ஒண்ணும் மாத்தல. சத்தியமா.”

“எனக்கு எப்டித் தெரியும்?”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எதிரே ரசம் ஆறிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வயதில் நான் அப்பாவைக் கேட்ட அதே கேள்வி. அப்பா ஏன் பதில் சொல்லவில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. சொன்னாலும் நம்புவதற்கு எதிராளியிடம் எதுவும் மிச்சம் இருக்காது.

முதல் வரி மட்டும்

அதன் பிறகு வேனில் கதை இல்லை. தொண்டை சரியில்லை என்றேன். பிலோ காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் வந்தாள். நாகராஜண்ணா ரேடியோவைப் போட்டார்.

என் ஆத்திரத்தை எங்காவது கொட்ட வேண்டுமே. அந்தப் பத்திரிகைக்கு மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். (இந்தப் பத்திரிகை இல்லை, ஆசிரியர் முறைக்க வேண்டாம்.) ‘ஓராண்டாக இந்தக் கதையை ஆவலோடு படித்து வந்தேன்’ என்று ஆரம்பித்து, இரண்டாம் வரியிலிருந்து கிழிகிழியென்று கிழித்திருந்தேன். வாசகர் கடிதம் பகுதியில் முதல் வரியை மட்டும் போட்டிருந்தார்கள். கீழே என் பெயர், ‘வசந்தா, பெங்களூரு’. அந்த ஆசிரியரும் என்னைப்போலவே. பிடிக்காத பகுதியைக் கத்தரித்துவிட்டார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பிரிண்டில் இருக்கிறபடி

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை நாகராஜண்ணா ரேடியோவை அணைத்துவிட்டு, “ஏன் அக்கா, கதே இல்வா? தொண்டை இன்னும் சரியாகலயா?” என்றார்.

பின்னாலிருந்து பிலோவின் குரல் வந்தது. “மொதல்ல அந்தக் கடைசியப் படிக்கச் சொல்லுங்கண்ணா. பிரிண்டுல இருக்கற மாதிரி.”

மற்றவர்களுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. பிலோ யாரிடமும் சொல்லவில்லை. என் மானம் அவளிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. அவள் மானத்தை நான் எப்படி வைத்திருந்தேன் என்று நினைத்தபோது முகம் சுட்டது.

எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “அன்னைக்கு நான் படிச்சது கதையில இல்ல. நானா கட்டி விட்டது.” பழைய இதழைப் பையிலேயே வைத்திருந்தேன். கால் உடைந்த புருஷன், மல்லிகைப் பூ, சாவி, ஆட்டோ, குங்குமம் என்று ஓர் எழுத்து விடாமல் படித்தேன்.

“சீ, ஏனு இது!” என்று கன்னடத்தில் சலித்துக்கொண்டார் நாகராஜண்ணா. ஆடுகோடி அம்மா ஒருத்தி, “இதுக்கா ஒரு வருஷம் கேட்டோம்?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிலோ எழுந்து முன்னால் வந்து, என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

“மோசம்” என்றாள். “ஆனா உன்னுதும் மோசந்தான்க்கா. ஒரு சிலிண்டருக்கு அத்தன வாரம் அலைஞ்சவ, ஒரே வாரத்துல ரெண்டாவது கடை தொறப்பாளா?”

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். ‘உன்னுது’ என்று அவள் சொன்னதில் கண் கலங்கிவிட்டது. அந்த எழுத்தாளர் மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது. ஒரு முடிவு வைத்துப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரிகிறது.

விரல்

அடுத்த வாரம் புதுத் தொடர் ஆரம்பித்தது. பிலோ ஒரு நிபந்தனை போட்டாள்.

“வெரல வெச்சிப் படி.”

வரிக்கு அடியில் ஆள்காட்டி விரலை ஓடவிட்டுக்கொண்டே படிக்க வேண்டும். அவள் கண் என் விரலை விட்டு நகராது. வாய் நின்றால் விரலும் நிற்க வேண்டும். அம்பது வயதுக்கு மேல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல விரல் வைத்துப் படித்தேன். முதல் சில வாரம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மழைக்காலம் வந்திருந்தது. ஆடுகோடியில் தண்ணீர் தேங்கி வேன் நின்றுகொண்டிருந்தது. அந்த வார அத்தியாயத்தில் ஒரு சின்னப் பெண். அவள் கண் எதிரே அப்பா அம்மாவை அடிக்கிறான். வியாழக்கிழமையே பார்த்துவிட்டேன். விடாமல் படிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆனால் அந்த வரி வந்ததும் நாக்கு தானாகத் தாண்டிக் குதித்தது. விரலும் கூடவே குதித்து அடுத்த பாராவுக்குப் போய்விட்டது.

பிலோவின் கை வந்து என் விரல் மேல் விழுந்தது.

திட்டவில்லை. பையைத் திறந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். சிவப்பு அம்பு ஒன்றை உரித்து, நான் விட்ட வரிக்கு நேராக ஒட்டினாள். என் விரலைப் பிடித்துத் தூக்கி, அந்த வரியின் தொடக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

“இதயும் படி” என்றாள்.

படித்தேன். மெதுவாக, விரலை ஓடவிட்டபடி, முழு வரியும். அவள் நேராக உட்கார்ந்து கேட்டாள்.

“ம். மேல போ.”